வடிகுழாய்வழி வெப்ப நீக்கச் சிகிச்சை

வடிகுழாய்வழி வெப்ப நீக்கச் சிகிச்சை என்பது, இதயத்தில் தவறான மின்தூண்டலை உண்டாக்கும் அல்லது தவறான பாதையில் கடத்தும் சிறு திசுப்பகுதியை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் மருத்துவ முறையாகும். தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள் செலுத்தப்படும் மெல்லிய வடிகுழாயின் நுனியிலிருந்து உயர் அலைவெண் மின்னோட்டம் பாய்ச்சப்பட்டு இவ்வெப்பம் உண்டாக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் இது ரேடியோபிரீக்வன்சி அப்லேஷன் என்றும், சுருக்கமாக ஆர்.எஃப். அப்லேஷன் என்றும் வழங்குகிறது. மார்பைத் திறக்காமல், பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமல் செய்யப்படுகிறது. சில வகை விரைவுத் துடிப்புகளை மருந்து கட்டுப்படுத்த மட்டுமே செய்யும். இச்சிகிச்சையோ அவற்றை நிலையாகக் குணப்படுத்தக்கூடியது.

இதயத்தின் மின் அமைப்பு

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின்தூண்டலில் தொடங்குகிறது. வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள சைனஸ் கணு இயல்பான துடிப்பியக்கி ஆகும். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவரிடம் இது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தூண்டலை எழுப்புகிறது. தூண்டல் இரு மேலறைகளிலும் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் உள்ள ஏ.வி. கணுவை அடைகிறது. அங்கு சிறிது தாமதித்தபின் ஹிஸ் கற்றை, அதன் கிளைகள், பர்கிஞ்சி இழைகள் வழியாகக் கீழறைகளுக்குச் செல்கிறது. மேலறைகள் சுருங்கி முடித்துக் கீழறைகள் நிரம்புவதற்கு இந்தத் தாமதம் இடம் தருகிறது.

மேலறைகளையும் கீழறைகளையும் மின்கடத்தாத நார்த்திசு வளையம் ஒன்று பிரிக்கிறது. இயல்பான இதயத்தில் இவ்வளையத்தைக் கடக்க ஏ.வி. கணுவும் ஹிஸ் கற்றையுமே வழி. இந்த ஒற்றை வழிக்கு வில்ஹெல்ம் ஹிஸ் 1893இலும், சப்பானிய மருத்துவர் சுனாவோ தவாரா 1906இலும் வெளியிட்ட ஆய்வுகள் அடிப்படையாக அமைந்தன. சைனஸ் கணுவை ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகியோர் 1907இல் விவரித்தனர்.

விரைவுத் துடிப்பு தோன்றும் விதம்

விரைவுத் துடிப்புகளில் பெரும்பாலானவை மீள்நுழைவு என்னும் நிகழ்வால் தோன்றுகின்றன. இரு பாதைகள் இரு முனைகளிலும் இணைந்து ஒரு வளையமாக அமைந்து, அவற்றில் ஒன்று மெதுவாகவும் மற்றது விரைவாகவும் கடத்தினால், ஒரு தூண்டல் அவ்வளையத்திலேயே சுழலக்கூடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். வேறு சிலவற்றில், ஒரு சிறு புள்ளியில் உள்ள உயிரணுக்கள் தாமாகவே விரைந்து தூண்டலை எழுப்புகின்றன. வளையமானால் அதை ஓரிடத்தில் வெட்டவேண்டும். புள்ளியானால் அதை அழிக்கவேண்டும். வெப்ப நீக்கத்தின் கொள்கை இவ்வளவே.

இச்சிகிச்சைக்கு உரிய முக்கியக் கோளாறுகள் பின்வருமாறு:

ஏ.வி. கணு மீள்நுழைவு விரைவுத் துடிப்பு: ஏ.வி. கணுவை ஒட்டி விரைவுப் பாதை, மெதுபாதை என இரண்டு இருப்பதால் தோன்றுவது. கீழறைகளுக்கு மேலிருந்து எழும் திடீர் விரைவுத் துடிப்புகளில் இதுவே மிகப் பொதுவானது. ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி.

துணைப் பாதை விரைவுத் துடிப்பு: பிறவியிலேயே நார்த்திசு வளையத்தைக் குறுக்கே கடக்கும் கூடுதல் தசையிழை ஒன்று இருப்பதால் வருவது. இது இ.சி.ஜி.யில் வெளிப்பட்டு, விரைவுத் துடிப்பும் வருமானால் வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய்க்கூட்டம் எனப்படும். லூயிஸ் வுல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் ஆகியோர் 1930இல் இதை விவரித்தனர்.

மேலறைப் படபடப்பு: வலது மேலறையில் மூவிதழ் வால்வைச் சுற்றி நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை தூண்டல் சுழல்வது. ஏ.வி. கணு இரண்டில் ஒன்றை மட்டும் கடத்துவதால் நாடி 150 அளவில் இருக்கும்.

மேலறை நடுக்கம்: மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது. இரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் ஆபத்து இதில் உண்டு.

கீழறை விரைவுத் துடிப்பு: மாரடைப்புத் தழும்பைச் சுற்றியோ, வேறு நோயில்லாத இதயத்தில் ஒரு புள்ளியிலிருந்தோ எழுவது. தழும்பால் வருவது உயிருக்கு ஆபத்தானது.

வெப்பம் வேலை செய்யும் முறை

இச்சிகிச்சையில் பயன்படுவது ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட மாறுமின்னோட்டம். வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. அது இதயத்தைத் தொட்டால் கீழறை நடுக்கத்தை உண்டாக்கி உயிரைப் பறிக்கும். நூறாயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வேகத்தில் திசை மாறும் மின்னோட்டமோ நரம்பையும் தசையையும் தூண்டுவதில்லை; திசுவைச் சூடாக்குவதோடு நின்றுவிடுகிறது. அறுவைச் சிகிச்சையில் வெட்டவும் இரத்தக் கசிவை நிறுத்தவும் இத்தகைய மின்னோட்டத்தை வில்லியம் போவி, ஹார்வி குஷிங் ஆகியோர் 1926இல் பயன்படுத்தினர்.

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் உள்ள தூண்டல் உலைகளும் மாறுமின்னோட்டத்தால் இரும்பை உருக்குகின்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு. தூண்டல் உலையில் சுருளின் காந்தப்புலம் இரும்புக்குள் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. சுருள் இரும்பைத் தொடுவதில்லை. இதயச் சிகிச்சையில் வடிகுழாயின் உலோக நுனி திசுவைத் தொட்டே ஆகவேண்டும். மின்னோட்டம் நுனியிலிருந்து உடல் வழியாகச் சென்று, முதுகிலோ தொடையிலோ ஒட்டிய பெரிய தகட்டை அடைகிறது. நுனி சிறியதாதலால் அதனருகில் மின்னோட்டம் செறிந்து, திசுவின் மின்தடையால் வெப்பம் எழுகிறது. தகடு அகன்றதாதலால் அங்கே தோல் சுடுவதில்லை. நேரடியாகச் சூடாவது நுனியை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு அப்பால் வெப்பம் கடத்தலால் பரவுகிறது.

திசு 50 டிகிரி செல்சியஸை எட்டும்போது உயிரணுக்கள் மீளாத சேதம் அடைகின்றன. நுனியின் வெப்பநிலையைப் பொதுவாக 55 முதல் 65 டிகிரி அளவில் வைத்து, 30 முதல் 60 நொடிகள் வரை மின்னோட்டம் செலுத்தப்படும். சில மில்லிமீட்டர் ஆழமுள்ள தழும்பு உருவாகும். தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் நுனியில் இரத்தம் கருகிப் படியும். திசுவுக்குள் நீராவி எழுந்து வெடிப்பும் உண்டாகலாம். இதைத் தவிர்க்கவும், ஆழமான தழும்பு தேவைப்படும் இடங்களிலும் உப்புநீரால் குளிர்விக்கப்படும் நுனியுள்ள வடிகுழாய் பயன்படுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் துணைப் பாதையைத் துண்டிக்க மார்பைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி இத்தகைய அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டுரர் குழுவினர், இதயத்துக்குள் வைத்த மின்முனைகளால் விரைவுத் துடிப்பை விரும்பியபோது தொடங்கவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டியிருந்தனர். 1969இல் பெஞ்சமின் ஷெர்லாக் குழுவினர் வடிகுழாய் மூலம் ஹிஸ் கற்றையின் மின்குறியைப் பதிவு செய்தனர்.

வடிகுழாயால் திசுவை அழிக்கலாம் என்பது ஒரு விபத்தின் மூலம் தெரியவந்தது. இதயத்துக்குள் வடிகுழாய் இருந்தபோது வெளியிலிருந்து கொடுத்த மின்னதிர்ச்சி அதன்மீது பாய்ந்து ஏ.வி. கணுவின் கடத்தலை அழித்ததைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1979இல் பதிவு செய்தனர். இதை வேண்டுமென்றே செய்து, மெல்வின் ஷைன்மன் குழுவும் ஜான் கல்லகர் குழுவும் 1982இல் முடிவுகளை வெளியிட்டன. நேர்மின்னோட்ட அதிர்ச்சிக்கு முழு மயக்கம் தேவைப்பட்டது. சேதத்தின் அளவையும் கட்டுப்படுத்த இயலவில்லை. 1980களின் பிற்பகுதியில் அதன் இடத்துக்கு உயர் அலைவெண் மின்னோட்டம் வந்தது. 1991இல் அமெரிக்காவில் வாரன் ஜாக்மன், ஹியூ கால்கின்ஸ் ஆகியோரின் குழுக்களும், ஜெர்மனியில் கார்ல்-ஹைன்ஸ் குக் குழுவும் துணைப் பாதைகளை இம்முறையில் நீக்கிய முடிவுகளை வெளியிட்டபின் இதுவே வழக்கமான சிகிச்சையாயிற்று.

அதே காலத்தில் மருந்துகள்மீது இருந்த நம்பிக்கையும் குறைந்தது. மாரடைப்புக்குப்பின் வரும் மிகைத் துடிப்புகளை அடக்கக் கொடுக்கப்பட்ட சில மருந்துகள் இறப்பைக் கூட்டின என்று காஸ்ட் என்னும் ஆய்வு 1989இல் காட்டியது. 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர், மேலறை நடுக்கத்தைத் தூண்டும் புள்ளிகளில் பெரும்பாலானவை நுரையீரல் சிரைகளுக்குள் இருப்பதைக் கண்டறிந்தனர். மேலறை நடுக்கத்துக்கான இன்றைய சிகிச்சை இதிலிருந்தே வளர்ந்தது.

செய்முறை

நோயாளி 6 முதல் 8 மணிநேரம் உணவின்றி இருக்கவேண்டும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து நிறுத்தப்படும். நிறுத்தாவிட்டால் பரிசோதனையின்போது கோளாறு வெளிப்படாமல் போகலாம். தொடை மடிப்பில் மரப்பு ஊசி போட்டு, தொடைச் சிரையில் சிறு உறைகள் நுழைக்கப்படும். அவற்றின் வழியே 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வடிகுழாய்கள் எக்ஸ்கதிர்ப் படத்தைப் பார்த்தபடி இதயத்தின் பல இடங்களில் வைக்கப்படும்.

முதற்கட்டம் மின்னியல் ஆய்வு. வடிகுழாய் வழியே சிறு மின்துடிப்புகள் கொடுத்து நோயாளியின் விரைவுத் துடிப்பு வேண்டுமென்றே தூண்டப்படும். அப்போது நோயாளிக்குப் பழக்கமான அதே படபடப்பு தோன்றும். இது சிகிச்சையின் தேவையான பகுதி என்று முன்பே சொல்லப்படுவதால் அச்சம் குறைகிறது. மேலறை, ஹிஸ் கற்றை, கீழறை ஆகிய இடங்களில் தூண்டல் எந்த வரிசையில் வருகிறது என்பதை ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் அளந்து, கோளாறின் வகையும் இடமும் முடிவு செய்யப்படும். கார்ட்டோ, என்சைட் போன்ற முப்பரிமாண வரைபடக் கருவிகள் இதயவறையின் உருவத்தைக் கணினித் திரையில் காட்டி, எக்ஸ்கதிரின் தேவையைக் குறைக்கின்றன.

இரண்டாம் கட்டம் நீக்கம். துணைப் பாதையின்மேல் நுனி சரியாகப் பொருந்தினால், மின்னோட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே இ.சி.ஜி. இயல்பு வடிவுக்கு மாறும். ஏ.வி. கணு வகையில், கணுவுக்குக் கீழ்ப்புறமாக உள்ள மெதுபாதையே குறி. மேலறைப் படபடப்பில் மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப்பெருஞ்சிரைக்கும் இடையில் உள்ள குறுகிய பகுதியில் கோடுபோலத் தொடர்ச்சியாகத் தழும்பிடப்படும். மேலறை நடுக்கத்துக்கு, மேலறைச் சுவரைத் துளைத்து இடப்பக்கம் சென்று, நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றி வளையமாகத் தழும்பிடவேண்டும்.

இறுதியில் அதே தூண்டல்கள் மீண்டும் கொடுக்கப்பட்டு, விரைவுத் துடிப்பு வரவில்லை என்பது உறுதி செய்யப்படும். எளிய வகைகளுக்கு 1 முதல் 2 மணிநேரம் போதும். மேலறை நடுக்கத்துக்குக் கூடுதலாகலாம். பின்னர் நோயாளி காலை மடக்காமல் சில மணிநேரம் படுத்திருந்து, பெரும்பாலும் மறுநாள் வீடு திரும்புவார்.

பலனும் ஆபத்தும்

ஏ.வி. கணு வகையில் வெற்றி 95 விழுக்காட்டுக்கு மேல். துணைப் பாதைகளிலும் மேலறைப் படபடப்பிலும் 90 விழுக்காடும் அதற்கு மேலும். இவற்றில் மீண்டும் வருவது குறைவு. ஆகவே அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் மீண்டும் மீண்டும் விரைவுத் துடிப்பு வருபவர்களுக்கு இச்சிகிச்சையை முதல் தெரிவாகவே பரிந்துரைக்கின்றன.

மேலறை நடுக்கத்தில் பலன் இவ்வளவு உறுதியானதன்று. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படுகிறது. இதயச் செயலிழப்பும் மேலறை நடுக்கமும் சேர்ந்தவர்களிடம் இச்சிகிச்சை இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் குறைத்தது என்று காசில்-ஏஎஃப் ஆய்வு 2018இல் காட்டியது. ஆனால் பொதுவான நோயாளிகளிடம் நடத்திய கபானா ஆய்வில், 2019இல் வெளியான முடிவின்படி, இறப்பு, பக்கவாதம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மை அளவில் மருந்தைவிடத் தெளிவான மேன்மை தெரியவில்லை. வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. இந்தியாவில் வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கி மேலறை நடுக்கம் வருவோர் பலர். அவர்களுக்கு வால்வைச் சீர்செய்வதும், வார்ஃபரின் வகை இரத்த உறைவுத் தடுப்பு மருந்துமே முதன்மை. இந்நோயாளிகளிடம் புதிய ரிவரொக்சபானைவிடப் பழைய வகை மருந்தே மேல் என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது.

ஆபத்துகளில் பொதுவானது தொடையில் இரத்தக்கட்டு. ஏ.வி. கணுவுக்கு அருகில் சிகிச்சை செய்யும்போது, ஏறத்தாழ நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ கணுவே சேதமடைந்து நிலையான துடிப்பியக்கிக் கருவி தேவைப்படலாம். இதயச் சுவர் துளைபட்டு உறையில் இரத்தம் தேங்குதல், பக்கவாதம் ஆகியவை அரிது. இடது மேலறைக்குப் பின்னால் உணவுக்குழாய் ஒட்டியிருப்பதால் வெப்பம் அதைத் துளைத்துவிடுவது மிக அரிது. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. சிகிச்சைக்குப்பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பக்கவாத அறிகுறி வந்தால் உடனே சிகிச்சை செய்த மையத்துக்குச் செல்லவேண்டும்.

வெப்பம் அல்லாத முறைகள்

ஏ.வி. கணுவை மிக ஒட்டிய இடங்களில் குளிர்நீக்கம் பயன்படுகிறது. திசுவை முதலில் மிதமாகக் குளிர்வித்து விளைவைப் பார்த்து, தவறான இடமானால் சூடேற விட்டுவிடலாம் என்பது அதன் நன்மை. துடிப்பு மின்புல நீக்கம் புதிய முறை. மிகக் குறுகிய உயர் மின்னழுத்தத் துடிப்புகள் உயிரணுச் சவ்வைத் துளையிட்டு இதயத் தசையை அழிக்கின்றன. உணவுக்குழாய்க்கு ஆபத்து குறைவு. மேலறை நடுக்கத்துக்கு இம்முறையிலான கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் முதல் ஒப்புதலை அளித்தது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் இதன் பொருத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் உள்ளன. தேர்வாய்கண்டிகை சிப்காட், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டை ஆகியவையும் இம்மாவட்டத்தில் அடங்கும். உலை முகப்பிலும் இரவுப் பணியிலும் இருக்கும் இளம் தொழிலாளிக்குப் படபடப்பு வந்தால், அது வெயில், களைப்பு, பயம் என்று கொள்ளப்படுவது எளிது. வெப்பத்தில் உழைக்கும்போது இதயம் விரைவது இயல்புதான். இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. வெப்பத்தாலும் உழைப்பாலும் வரும் விரைவு படிப்படியாக ஏறி, ஓய்விலும் நீர் குடித்தபின்னும் படிப்படியாக இறங்கும். மீள்நுழைவு விரைவுத் துடிப்போ விளக்கின் பொத்தானை அழுத்தினாற்போல ஒரே கணத்தில் தொடங்கி, ஒரே கணத்தில் நிற்கும். நாடி நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை இருக்கும். கழுத்தில் துடிப்பு தெரிதல், நின்றபின் மிகுதியாகச் சிறுநீர் கழிதல் ஆகியவையும் குறிகள்.

துடிப்பு நின்றபின் எடுக்கும் இ.சி.ஜி. பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்வதால் பல ஆண்டுகள் வீணாகின்றன. படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள மருத்துவமனையில் ஒரு இ.சி.ஜி. எடுத்து அந்தத் தாளைப் பாதுகாத்து வைப்பது நோயறிதலில் பாதி வேலை. கிரேன் இயக்குநர், உயரத்தில் வேலை செய்பவர், கனரக ஊர்தி ஓட்டுநர் ஆகியோருக்குச் சில நொடி மயக்கமும் உயிராபத்து. ஆகவே மயக்கத்தோடு கூடிய படபடப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.

இத்தகைய பகுதியில் நிலையான குணம் கூடுதல் பொருள் பெறுகிறது. துடிப்பியக்கி அல்லது உள்பொருத்து அதிர்ச்சிக் கருவி பொருத்தியவர்கள் தூண்டல் உலை, வில் பற்றவைப்பு ஆகியவற்றின் வலுவான காந்தப்புலத்தை நெருங்கக் கூடாது; அவர்கள் அவ்வேலைக்குத் திரும்பமுடியாமல் போகலாம். எளிய விரைவுத் துடிப்பு வெப்ப நீக்கத்தால் குணமானவரின் உடலில் கருவி எதுவும் இருப்பதில்லை. தொடைப் புண் ஆறும்வரை ஏறத்தாழ ஒரு வாரம் கனமான பொருள் தூக்காமல் இருந்து, மருத்துவர் ஒப்புதலுடன் பழைய வேலைக்கே திரும்பலாம்.

மின்னியல் ஆய்வுக்கான சிறப்பு மையங்கள் சென்னையில் உள்ளன. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் புறநகர் ரயில்கள் சென்ட்ரல் நிலைய வளாகத்தை அடைகின்றன. அதன் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத ஆலைத் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவர், வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் மின்னியல் ஆய்வும் வெப்ப நீக்கமும் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் அத்திட்டம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது.

சிகிச்சைக்கு முன்னான முதலுதவி

நினைவோடு இருப்பவரின் திடீர் விரைவுத் துடிப்பை நிறுத்த எளிய வழி உண்டு. பாதி சாய்ந்து அமர்ந்து, ஊசி போடும் 10 மில்லி சிரிஞ்சின் முனையில் அதன் தண்டு சற்றே நகரும் அளவுக்கு 15 நொடிகள் ஊதவேண்டும். உடனே மல்லாந்து படுத்து, மற்றொருவர் கால்களை 45 பாகை உயர்த்தி 15 நொடிகள் பிடிக்கவேண்டும். 2015இல் வெளியான ரிவர்ட் ஆய்வில் இம்முறை 43 விழுக்காட்டினரிடம் துடிப்பை இயல்பாக்கியது. காலை உயர்த்தாத பழைய முறையில் 17 விழுக்காடு மட்டுமே. முதல்முறை இதை மருத்துவர் முன்னிலையில் கற்றுக்கொள்வது நல்லது. நிற்காவிட்டால் மருத்துவமனையில் அடினோசின் ஊசி கொடுக்கப்படும்.

வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய்க்கூட்டத்தோடு மேலறை நடுக்கமும் சேர்ந்தால், வெரபமில் போன்ற மருந்துகள் துணைப் பாதை வழியாகக் கீழறைகளுக்கு மிகை வேகத்தில் தூண்டலைப் பாயவிட்டு உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே இக்கோளாறு இருப்பதாக அறியப்பட்டவர் அதைக் குறிப்பிடும் மருத்துவச் சீட்டையும் பழைய இ.சி.ஜி.யையும் எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும்.